மோதினாரின் தலைக்குக் கீழே சில படங்கள்

சுபைறா மௌத்தாகிவிட்டாள் என்ற செய்தி வந்தபோது பள்ளிக்கூடத்தில் பணிஸ் ரொட்டி பங்கிடும் நேரம். இடைவேளை மணி அடித்துப் பிள்ளைகள் வரிசையில் நிற்க, நஸீறா டீச்சர் நீட்டிய கைகளில் ஒவ்வொரு பணிஸாக வைத்துக்கொண்டு போனாள். வரிசையின் நடுவே ஒரு பெரிய கை நீண்டது. நிமிர்ந்து பார்த்தால் ஸகியா. முக்காடு தோளில் கிடந்தது. ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. டீச்சரின் காதோடு வாயை வைத்து ஒரே மூச்சில் சொன்னாள்:

"சுபைறா ராத்தா மௌத்தாப் போயிட்டா, புள்ள. இப்பதான். நெஞ்சப் பொத்திக்கிட்டு இருந்தாவாம், அப்பிடியே சாஞ்சிட்டாவாம். எண்ட றப்பே, அந்தப் படமெல்லாம் எங்க இரிக்கி?"

இன்னாலில்லாஹி என்றது வாய். கண் கலங்கியது. கலங்கிய அதே கண்ணுக்கு முன்னால் ஒரு மீசை வந்து நின்றது. முறுக்கிவிட்ட, கன்னங்கரேலென்ற, ஸகியாவின் மீசை. நஸீறா பணிஸ் பெட்டியைப் பக்கத்து வகுப்பு டீச்சரின் கையில் திணித்தாள். அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தத்தை முந்தானையால் அடைத்துக்கொண்டு ஸகியாவின் பின்னால் ஓடினாள்.

சுபைறாவை அறிந்த பெண்களுக்கெல்லாம் அன்றைக்கு இந்தத் தொல்லை இருந்தது. அவளை நினைத்தால் சிரிப்பு வரும். மௌத்தான அன்றும் வந்தது.

கல்முனைக்குடியில் கடலுக்குப் போகும் குறுக்குத் தெரு ஒன்றில் அவளுடைய வீடு. ஊரில் கலியாணம் என்றால் தலையணைக்கு அவளிடம்தான் சொல்ல வேண்டும். இலவம்பஞ்சை வெயிலில் உலர்த்தி, கொட்டை பொறுக்கி, பிரம்பால் அடித்து எடுப்பாள். முற்றம் முழுக்கப் பஞ்சு பறக்கும். தலையில், புருவத்தில், மூக்கு நுனியில் எல்லாம் பஞ்சு ஒட்டியிருக்க, வந்தவர்களோடு அந்தக் கோலத்திலேயே கதைத்துக்கொண்டிருப்பாள். சிரிப்பு வந்தால் அவளால் நின்றபடி சிரிக்க முடியாது. உட்கார இடம் தேடுவாள். பஞ்சு மூட்டை பக்கத்தில் இருந்தால் அதிலே விழுவாள். ஒருமுறை மௌலூது ஓதிய வீட்டில், ஓதிக்கொண்டிருந்தவரின் தொப்பியில் ஒரு தும்பி வந்து அமர்ந்துவிட்டது. அதைக் கண்ட சுபைறா வாயைப் பொத்திக்கொண்டு குசினிக்குள் ஓடி, சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் குந்தி, ஓதி முடியும்வரை எழும்பவே இல்லை.

புருஷன் காலிதீன் கட்டாரில் லொறி ஓட்டினார். பிள்ளைகள் இல்லை. தெருவின் மற்ற அந்தத்தில் அவளுடைய அண்ணன் அபுல் ஹஸன் காக்கா இருந்தார். பள்ளிவாசல் நிர்வாகம் பார்க்கும் மரைக்கார். நல்ல மனிதர், ஆனால் படம் என்ற ஒன்று அவருக்கு ஆகாது. படம் உள்ள வீட்டுக்கு வானத்து மலக்குகள் வரமாட்டார்கள் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். அவருடைய வீட்டில் பால்மா டின்னில் இருந்த பசுமாட்டுக்குக்கூட முகத்தில் கடதாசி ஒட்டியிருந்தது.

அப்படிப்பட்டவரின் தங்கச்சிதான், மூன்று வருடங்களுக்கு முன்னால், எழுபத்தொன்பதாம் ஆண்டு, காலிதீன் விடுமுறையில் கொண்டுவந்த கமெராவை எடுத்துவைத்துக்கொண்டு, தெருவில் மூன்று பெண்களுக்கு ஆண் வேடம் போட்டுப் படம் பிடித்தவள். ஸகியா, சபூறா, நஸீறா. காலிதீன் அன்றைக்குச் சவளக்கடைக்கு வயல் பார்க்கப் போயிருந்தார். கல்முனைச் சந்தியில் பாக்கியராசாவின் ஸ்டூடியோ இருந்தது. ஆனால் பிலிமை அங்கே கொடுத்தால் கழுவுகிறவர் பார்த்துவிடுவாரே!

"கட்டாருக்குக் கொண்டு போய்க் கழுவட்டும்," என்றாள் சுபைறா. "அரபிக்கு நம்மள ஆரெண்டு தெரியுமா?"

அப்படியே நடந்தது. சுருள் காலிதீனின் பெட்டிக்குள் கடல் தாண்டிப் போய், கழுவப்பட்டு, கம்பளிப் போர்வை ஒன்றுக்குள் சுற்றப்பட்டு, ஊருக்கு வந்த யாரோ ஒருவரின் கையில் திரும்பி வந்தது. படங்களைப் பார்த்துச் சிரித்து ஓய்ந்த பிறகு, சுபைறா பிலிமை அடுப்பில் போட்டாள். ஒவ்வொரு படத்திலும் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். அதை அவளே ஒளித்து வைத்தாள். எங்கே என்று யாருக்கும் சொல்லவில்லை. கேட்டால், "நல்ல மெத்தெண்ட இடத்தில இரிக்கி," என்று சொல்லிச் சிரிப்பாள்.

அந்தப் படங்களில் ஒன்று சுபைறாவுடையது. அவளுடைய முகம் விழுந்த படம் இந்த உலகத்தில் அது ஒன்றுதான்.

மையித்து வீட்டில் பெண்கள் ஒப்பாரியின் இடையிடையே குசுகுசுத்தார்கள். சபூறா, நஸீறாவின் தோளில் விழுந்து தேம்பினாள்.

"எண்ட ராத்தாவே... எண்ட கிளியே... புள்ள, அலுமாரியப் பாத்தியா?"

"பாத்தன். இல்ல."

"அந்த வட்டவிதானைப் படம் மட்டும் ஆம்புளயள்ற கையில அம்பிட்டா நான் கடல்ல பாஞ்சிருவன்."

"சத்தமா அழு புள்ள. காக்கா பாக்கார்."

சபூறா சத்தமாக அழுதாள். அந்த அழுகை உண்மையான அழுகைதான். அதற்கு நடுவே ஸகியா அரிசிப் பானைக்குள் கைவிட்டுப் பார்த்தாள். தையல் மெஷின் லாச்சியை இழுத்துப் பார்த்தாள். பாய்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். எங்கும் இல்லை.

குளிப்பாட்டும்போது தண்ணீர் ஊற்றியவர்களில் நஸீறாவும் ஒருத்தி. அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மனசில் பதித்துக்கொள்ளப் பார்த்தாள். முடியவில்லை. சிரிக்காத சுபைறாவை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸாவைத் தூக்குவதற்கு முன்னால், வழக்கப்படி அபுல் ஹஸன் வாசலில் நின்று கேட்டார். மௌத்தானவள் யாருக்காவது ஏதாவது கொடுக்க வேண்டி இருந்தால், வாக்குச் சொல்லி நிறைவேற்றாமல் விட்டிருந்தால், இப்போதே சொல்லுங்கள், நான் பொறுப்பு. கூட்டம் தலையைக் குனிந்து நின்றது. பின்னாலிருந்து ஒரு தொண்டைச் செருமல் கேட்டது. பள்ளியில் பாங்கு சொல்லும் மோதினார் அச்சிமுகம்மது.

"கடனெண்டு இல்ல, மரைக்கார்," என்றார் தயங்கித் தயங்கி. "எனக்கு ஒரு தலகாணி தச்சித் தாறன் எண்டு சொல்லியிருந்தா. மூணு வருசமாப் போச்சி. எப்ப கேட்டாலும் என்னக் கண்டதும் ஊட்டுக்குள்ள ஓடிருவா. அந்தப் புள்ள வெக்கப்படுற சாதி. நான் மன்னிச்சிட்டன்."

"மன்னிக்கிறது வேற, குடுக்கிறது வேற," என்றார் அபுல் ஹஸன்.

மௌத்தானவளுக்காக ஏழாம் நாள் கத்தம் ஓதியபோது சுபைறாவின் சாறிகளை இல்லாதவர்களுக்குக் கொடுத்தார்கள். மோதினாருக்குத் தலையணை கொடுக்க வேண்டும். ஊரில் நல்ல தலையணை தைக்கிறவள் மண்ணுக்குள் போய்விட்டாள். வேறு யாரிடம் கேட்பது? அபுல் ஹஸன் தங்கச்சியின் கட்டிலில் கிடந்த தலையணையை, சிவப்புப் பூப்போட்ட உறையோடு, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போய் மோதினாரிடம் ஒப்படைத்தார். வாக்கு நிறைவேறியது. எல்லோரும் அல்ஹம்துலில்லாஹ் சொன்னார்கள். நஸீறாவும் சொன்னாள்.

நாற்பதாம் கத்தத்துக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது கட்டாரிலிருந்து ஒரு கசெட் வந்தது. விடுமுறையில் வந்த அட்டாளைச்சேனை ஆள் ஒருவர் கொண்டுவந்து, டீச்சரின் கையில் மட்டும்தான் கொடுக்கச் சொன்னதாகச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். ஸகியாவின் வீட்டில்தான் பாட்டுப்பெட்டி இருந்தது. மூன்று பேரும் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டார்கள். முதலில் வெறும் இரைச்சல். பிறகு காலிதீனின் குரல்.

"நஸீறா, நல்லா இரிக்கியா? தந்தி வந்தண்டு நான் லொறியில இருந்தன். மையித்தும் பாக்கல்ல, மண்ணும் போடல்ல. இப்ப கண்ண மூடினா அவட குரல் வருகுது, மூஞ்சி வருகுதில்ல. எண்ட கையில ஒரு படமும் இல்ல, புள்ள. அண்டைக்குக் கழுவின நேரம் ஒண்ட வெச்சிக்கிறன் எண்டு எழுதினன். ஒங்கட அறையில பத்துப் பேர் இரிக்காங்க, எண்ட மூஞ்சிய செவத்துல ஒட்டிருவீங்க, ஏலா எண்டு எழுதிட்டா."

குரல் நின்றது. மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஸகியா கண்ணைத் துடைத்தாள்.

"அவ அந்தப் படமெல்லாத்தையும் அவட தலகாணிக்குள்ள வெச்சித் தச்சிருக்கா. எனக்கு மட்டும்தான் தெரியும். தலகாணியப் பிரிச்சி, அவ சிரிக்கிற படத்த எனக்கு அனுப்பு. கசெட் கொண்டு வந்த ஆளுக்கிட்டயே குடு. மத்தப் படங்கள நான் பாக்கல்ல எண்டு அவக்கிட்டச் சத்தியம் பண்ணிருக்கன். ஆனா பாத்தன். சபூறாட வயிறு நல்லாத்தான் இரிக்கி."

"யா அல்லாஹ்!" என்று சபூறா பாட்டுப்பெட்டியைத் தட்டி நிறுத்தினாள்.

தலையணை என்ற சொல் மூன்று பேரின் தலைக்குள்ளும் மெல்ல மெல்ல நடந்து, முற்றத்தைத் தாண்டி, தெருவைத் தாண்டி, பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் போய் நின்றது.

ஸகியாதான் முதலில் வாய் திறந்தாள். "அப்ப மோதினார் இவ்வளவு நாளும் எங்கட மூஞ்சியிலயா தலைய வெச்சிப் படுக்கார்?"

சபூறா அவளுடைய முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். வைத்த கை விழுவதற்குள் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நஸீறா உட்கார இடம் தேடினாள். சுபைறாவைப் போலவே தானும் தேடுகிறோம் என்பது அவளுக்குப் பட்டது. அதனால் இன்னும் சிரிப்பு வந்தது. பிறகு கொஞ்சம் அழுதாள்.

அடுத்த நாள் நஸீறாவும் ஸகியாவும் கல்முனைச் சந்தைக்குப் போய், இருந்ததிலேயே பெரிய தலையணையாகப் பார்த்து வாங்கினார்கள். ஒரு சின்ன மெத்தை என்றே சொல்லலாம். அதைச் சுமந்துகொண்டு மோதினாரின் வாசலுக்குப் போய் ஸலாம் சொன்னார்கள். மோதினார் மரத்தடியில் கதிரை போட்டு, தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க டீச்சர். இது என்ன?"

"உங்களுக்குத்தான். ஒரு மௌத்தானவட பழைய தலகாணியக் குடுத்தது சரியில்ல எண்டு எங்களுக்கு மனசு கேக்குதில்ல. இதப் புதுசா வாங்கினம். அதத் தந்திட்டு இத எடுங்க."

மோதினார் புதுத் தலையணையை விரலால் ஒருமுறை குத்திப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"வேணாம் மகள். எனக்கு எத்தின வருசமாத் தலையிடி தெரியுமா? பாங்கு சொல்லி முடிஞ்சா நெத்தி விண்ணுவிண்ணெண்டு இடிக்கும். இந்தத் தலகாணி வந்த நாள்ல இருந்து ஒண்டும் இல்ல! தலைய வெச்சா உள்ளுக்குள்ள சரசரண்டு ஒரு சத்தம். கடல்ல மழை தூறுற மாதிரி. அப்பிடியே நித்திர வந்திரும். உள்ள வேப்பிலை வெச்சித் தச்சிருக்காவாம், எண்ட பெண்சாதி சல்மா சொன்னா. அந்தப் புள்ளைக்கு அல்லாஹ் சொர்க்கத்தக் குடுக்கட்டும்."

ஸகியா முகத்தை முக்காட்டால் மறைத்துக்கொண்டு பின்னால் ஒதுங்கினாள். மோதினார் அவளைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

"இது தபால்காரர்ர பெண்சாதி ஸகியா தானே? மகள், ஒங்கட தெருவிலதான் கேக்கோணும். காலிதீனுக்கு நிந்தவூர்ல ஒரு காக்கா இரிக்காரே, அவர் மையித்துக்கு வரல்லியே? ஒருக்கா வேலியோரம் கதைச்சன். நல்ல மனிசன். நல்ல மீச. குரல் மட்டும் கொஞ்சம் மெலிசு."

காலிதீனுக்கு நிந்தவூரில் காக்கா இல்லை. எந்த ஊரிலும் இல்லை. அன்றைக்கு வேலியோரம் நின்று கதைத்தது ஸகியாதான். அவள் இருமுவதைப் போல ஒரு சத்தம் போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டினாள். நஸீறா மெத்தைபோன்ற தலையணையைத் திரும்பவும் தூக்கிக்கொண்டாள். தோற்றுப்போன படை திரும்பியது.

வளவின் பின்பக்கம் திரும்பும்போது கிடுகு வேலிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. மோதினாரின் மனைவி சல்மா உம்மா.

"டீச்சர், மனிசன் அஸருக்குப் பள்ளிக்குப் போனா மஃரிபு தொழுதிட்டுத்தான் வருவார். பின்கதவால வாங்க. சபூறாவையும் கூட்டிக்கிட்டு வாங்க." கொஞ்சம் நிறுத்தி, இன்னும் மெதுவாகச் சொன்னார். "இந்த மீசக்காரரையும் மறக்காம."

அஸர் பாங்கு ஒலித்து ஓய்ந்ததும் மூன்று பேரும் ஒருத்தியின் பின்னால் ஒருத்தியாகப் பின்கதவால் நுழைந்தார்கள். குசினியில் பாய் விரித்து, நடுவில் ஒரு சுளகு வைத்திருந்தார் சல்மா உம்மா. சுளகில் அரிசி இல்லை, படங்கள் பரப்பியிருந்தன. பக்கத்தில் வாய் பிளந்த தலையணை கிடந்தது.

"சத்தம் என்ன எண்டு பாக்க ஒரு ஓரத்தைப் பிரிச்சன்," என்றார் சல்மா உம்மா. "முதல் வந்தது ஒரு மீச. ஆரோ ஆம்புளப் படமெண்டு பயந்துபோனன். மறுகா பாத்தா காதுல தோடு! கதவச் சாத்திக்கிட்டு ஒரு பகல் முழுக்கச் சிரிச்சன். மனிசனுக்கு வேப்பிலை எண்டு சொல்லித் திரும்பவும் தச்சிட்டன். ஒவ்வொரு நாளும் அவர் பள்ளிக்குப் போனதும் பிரிக்கிறதும், வரமுன்னம் தைக்கிறதும்தான் என்ட வேலை."

"ராத்தா, எங்கட படத்தத் தாங்க," என்று சபூறா கையை நீட்டினாள்.

சல்மா உம்மா சுளகைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "படத்தைப் பாத்தாச்சி. கதை தெரியா. கதை சொன்னாத்தான் படம்."

ஒரு படத்தை எடுத்து முதலில் சபூறாவின் முன்னால் போட்டார். சாறன் கட்டி, கோட்டுப் போட்டு, குடை பிடித்து, விரலை நீட்டி அதட்டிக்கொண்டு நின்றாள் சபூறா. எதிரே ஓர் ஆடு. வயிறு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய உருண்டை.

"இது எங்கட வயல் கண்டத்துக்குத் தண்ணி தொறந்து விடுற வட்டவிதானை," என்று சபூறா தொடங்கினாள். "எங்கட மனிசன் தண்ணி கேட்டுப் போற நேரமெல்லாம் அவர் வயித்த முன்னுக்குத் தள்ளிக்கிட்டு, வாய்க்கால் என்ட வாப்பாட சொத்தெண்ட மாதிரி நிப்பார். ராத்தா ரெண்டு தலகாணிய எண்ட இடுப்பில கட்டினா. நான் ஆட்டப் பாத்து, 'ஒனக்குத் தண்ணி இல்ல, போ!' எண்டு கத்தினன். கத்தின கத்தில கயிறு அவிழ்ந்து வயிறு முழங்காலுக்கு வந்திட்டு. ராத்தா அந்த நேரம் பாத்து கமெராவ அமத்திட்டா."

"ஆடு ஆர்ர?"

"அது ராத்தாட ஆடு. அந்த ஆடு பயந்து போய் ரெண்டு நாள் வரல்ல."

சல்மா உம்மா அடுத்த படத்தை நஸீறாவின் மடியில் வைத்தார். கறுப்புக் கண்ணாடி, இடுப்பில் காலிதீனின் களிசான், கழுத்தில் டை, விரலிடுக்கில் சிகரெட்டாக ஒரு சோக்குக் கட்டி.

"டீச்சர், இது ஆரு?"

"கல்விக் கந்தோர் இன்ஸ்பெக்டர்," என்றாள் நஸீறா. அவளுக்கு முகம் சிவந்தது. "நான் அப்ப அட்டாளைச்சேனையில பயிற்சிக் கலாசாலையில படிச்சன். லீவில வந்திருந்தன். களிசான் ரெண்டு பேர் போடலாம். உள்ளுக்க வாழைநாரால கட்டினம். டை கட்ட ஒருத்தருக்கும் தெரியா. ராத்தா ஆட்டுக் கயிறு முடியிற மாதிரி முடிஞ்சா. படம் எடுத்த பொறகு அவிழ்க்க ஏலா. இழுக்க இழுக்க இறுகுது! எனக்கு மூச்சு முட்டுது. ஸகியா கத்தரிக்கோல எடுத்து வெட்டினா. காலிதீன் மச்சானுக்கு இருந்தது அந்த ஒரு டை."

"அது எங்க?"

"தலகாணி ஒண்டுக்குள்ள பஞ்சோட போட்டுத் தச்சி வித்திட்டா."

"எந்தத் தலகாணி?"

"ஆருக்குத் தெரியும்? இந்த ஊர்ல ஒருத்தர் டைக்கு மேல படுக்கார்."

நான்கு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். அடுப்பில் தேநீர்த் தண்ணீர் கொதித்து வழிந்தது. யாரும் எழும்பவில்லை.

மூன்றாவது ஸகியா. தபால்காரக் கோட்டு, தோளில் பை, கையில் சைக்கிள், கண்மையால் வரைந்த மீசை. அவள் தன் கதையைச் சொல்லவில்லை. "எண்ட கதையும் ராத்தாட கதையும் ஒண்டுதான். டீச்சர் சொல்லட்டும்," என்று சுளகில் மிச்சமிருந்த படத்தைக் காட்டினாள்.

நஸீறா அந்தப் படத்தை எடுத்தாள்.

கலியாணச் சாறி கட்டிய ஒரு பெண் கதிரையில் இருக்கிறாள். இருக்கிறாள் என்று சொல்ல முடியாது. கதிரை பாதி சாய்ந்துவிட்டது. தலை பின்னால் எறியப்பட்டிருக்கிறது. கண்கள் மூடிவிட்டன. வாய் முழுதாகத் திறந்திருக்கிறது. ஒரு கை, வேண்டாம் வேண்டாம் என்று, கமெராவை நோக்கி நீண்டிருக்கிறது. நெற்றியில் ஒரு துணுக்குப் பஞ்சு.

"ராத்தாட கலியாணத்தில மாப்பிள்ளையைத்தான் படம் எடுத்தாங்க," என்றாள் நஸீறா. "பொம்புளய ஆரு எடுக்கிற? அந்த மாப்பிள்ளைப் படமும் எழுபத்தெட்டுச் சூறாவளியோட போயிட்டு. சாறி மட்டும் பறந்து போய்க் கோயில் பக்கத்து முருங்கையில கிடந்து கிடைச்சிச்சி. எங்களையெல்லாம் எடுத்து முடிஞ்ச பொறகு, ராத்தா அந்தச் சாறியக் கட்டிக்கிட்டு வந்து, கமெராவ எண்ட கையில தந்தா. 'நான் இப்ப மணப்பொண்ணு. தலையக் குனிஞ்சிக்கிட்டு இருப்பன். ஒருத்தரும் சிரிப்புக் காட்டக்கூடா' எண்டா. வாழ்க்கையில முதல்தரம் அவ சிரிக்காம இருந்தத அண்டைக்குத்தான் கண்டன். நல்ல வடிவு. நான் இந்தா அமத்தப் போறன், வேலிக்கு அங்கால ஒரு ஸலாம்."

"எங்கட மனிசன்!" என்றார் சல்மா உம்மா.

"மோதினார்தான். 'சுபைறா, எண்ட தலகாணி முடிஞ்சிதா?' எண்டு கேக்கார். ராத்தா எழும்ப ஏலா, மணப்பொண்ணுக் கோலம். எனக்குக் களிசான். சபூறாக்கு முழங்கால்ல வயிறு. வேலிக்குக் கிட்ட நிண்டது ஸகியா."

"நான் என்ன செய்யிற?" என்று ஸகியா குரலைத் தடிப்பாக்கிக்கொண்டு குறுக்கே பாய்ந்தாள். "'வஅலைக்கும் ஸலாம்! ஊட்டுல பெண்டுகள் இல்ல' எண்டன். 'ஆரு கதைக்கிற?' எண்டார். 'நான் காலிதீண்ட காக்கா' எண்டன். கிடுகு ஓட்டையால கண்ண வெச்சிப் பாத்தார். மீச தெரிஞ்சிருக்கும். 'எந்த ஊரு?' எண்டார். வாயில வந்தது நிந்தவூரு. 'அப்ப அஸருக்குப் பள்ளிக்கு வாங்க, முன் சப்பு வரிசையில எடம் வெக்கிறன்' எண்டார். நான், 'இன்ஷா அல்லாஹ்' எண்டன்!"

"அந்த இன்ஷா அல்லாஹ்வோட ராத்தா விழுந்திட்டா," என்றாள் நஸீறா. "எண்ட விரல் தன்ட பாட்டில அமத்திட்டு. அதுக்குப் பொறகு மோதினாரைக் கண்டா அவவுக்குச் சிரிப்பு. அதுதான் ஓடுற. அதுதான் அந்தத் தலகாணியத் தைக்கவே இல்ல."

சல்மா உம்மாவால் இப்போது சத்தம் போடாமல் இருக்க முடியவில்லை. பாயில் சாய்ந்து, சுளகைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். "அண்டைக்கு மனிசன் முன் சப்புல எடம் வெச்சிக்கிட்டுப் பாத்துப் பாத்து இருந்தாராம். எனக்கிட்ட வந்து சொன்னார், அந்த மனிசன் சொன்ன வாக்குக்கு வரல்ல எண்டு!"

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அடங்கியபோது சல்மா உம்மா அந்தப் படத்தை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்தார்.

"இவட கடைவாயில ஒரு பல்லு இல்ல," என்றார். "இத்தின வருசம் பழகினன். எனக்குத் தெரியா."

பள்ளிவாசல் பக்கமிருந்து ஹவுள் தொட்டியில் தண்ணீர் இறைக்கும் சத்தம் கேட்டது.

"சரி," என்று சல்மா உம்மா எழும்பி அடுப்பைக் காட்டினார். "எரிக்கிறதெண்டா நெருப்பு இரிக்கி. ஒங்கட ஒங்கட படம், ஒங்கட இஷ்டம்."

சபூறா தன் படத்தோடு அடுப்புக்குப் பக்கத்தில் போனாள். மையித்து வீட்டிலிருந்து இதற்காகத்தான் அலைந்தாள். குனிந்தாள். படத்தை ஒருமுறை பார்த்தாள்.

"குடை பிடிச்ச கை நல்லாத்தான் இரிக்கி," என்றாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

ஸகியா தன் மீசையை எரிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். நஸீறாவை யாரும் கேட்கவில்லை. ஆனால் எங்கே வைப்பது? ஸகியாவின் புருஷன் எந்தப் பெட்டியையும் திறப்பார். சபூறாவின் வீட்டில் பிள்ளைகள் இல்லாத மூலை இல்லை. அபுல் ஹஸன் எந்த வீட்டுக்கும் எந்த நேரமும் வரக்கூடியவர்.

"இதில என்ன யோசிக்க இரிக்கி?" என்றார் சல்மா உம்மா. "இந்த ஊர்ல மோதினார்ர தலைக்குக் கீழ ஆரு தேடுவா? மரைக்காரே தன்ட கையால குடுத்த தலகாணி. மனிசண்ட தலையிடிக்கும் மருந்து. அங்கயே கிடக்கட்டும். பாக்கோணும் எண்டா அஸருக்குப் பொறகு வாங்க." பிறகு, வெட்கப்பட்டுக்கொண்டு, "காலிதீன் வந்தா அந்தக் கமெராவால எனக்கும் ஒண்டு எடுக்கோணும். மனிசண்ட தலப்பாவக் கட்டிக்கிட்டு," என்றார்.

சுபைறாவின் படத்தை மட்டும் நஸீறா தன் சட்டைக்குள் செருகிக்கொண்டாள். அதை வைத்துக்கொள்ள அவளுக்கு எவ்வளவோ ஆசை. நகல் எடுக்க பிலிம் இல்லை. ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோக சுபைறா விட்டிருக்க மாட்டாள். ஆனால் கேட்டவர் மண் போடாதவர். அடுத்த நாளே அட்டாளைச்சேனைக்கு பஸ் ஏறிப் போய், கசெட் கொண்டுவந்த ஆளின் கையில் கடித உறையைக் கொடுத்துவிட்டு வந்தாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது கண்ணை மூடிப் பார்த்தாள். முகம் வந்தது. கடைவாய்ப் பல் இல்லாமல், நெற்றியில் பஞ்சோடு வந்தது.

காலிதீனிடமிருந்து பிறகு ஒரு கசெட் வந்தது. அதில் அவர் அதிகம் கதைக்கவில்லை. "கிடைச்சிச்சி, புள்ள. செவத்துல ஒட்டல்ல. அறையில இரிக்கிற ஆக்கள் பாத்திட்டு, உம்மட பெண்சாதி என்னத்துக்கு இப்பிடிச் சிரிக்கா எண்டு கேட்டாங்க. மோதினாருக்கு எண்டன். ஒருத்தருக்கும் விளங்கல்ல. எல்லாரும் சிரிச்சாங்க."

கதை சொல்லிச் சிரித்த அன்றைக்கு, சல்மா உம்மாவின் குசினியில் மற்றப் படங்களைத் திரும்ப உள்ளே வைத்துத் தலையணையைத் தைத்தது நஸீறாதான். சல்மா உம்மாவுக்கு அந்த வெளிச்சத்தில் கண் தெரியவில்லை. மற்ற இருவரும் கதவிடுக்கால் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுபைறா போட்டிருந்த தையல் எறும்பு வரிசைபோல இருந்தது. நஸீறாவினது தவளை பாய்ந்ததுபோல இருந்தது. மஃரிபு பாங்கு கேட்டது; தைத்தாள். தொழுகை முடிந்து செருப்புகள் தெருவில் இழுபட்டன, தைத்தாள். மோதினாரின் செருமல் வாசலில் கேட்டது. நூலைப் பல்லால் கடித்து அறுத்து, தலையணையைச் சல்மா உம்மாவின் கையில் எறிந்துவிட்டு, மூன்று பேரும் பின்கதவால் ஓடினார்கள்.

அந்தத் தலையணையின் ஒரு மூலையில் நாலு விரல் அகலம் இன்னும் தைக்கப்படவில்லை. சல்மா உம்மாவின் தலப்பாப் படம் நுழைய அது போதும்.